பெருநாயைப் பிறர் வசம் ஒப்படைப்போர்க்கு ஒரு திறந்த மடல்

வல்லத்திராக்கோட்டையிலும் அதன் சுற்றுவட்டக் கிராமங்களிலும் ராட்வீலர், பிட்புல் முதலிய பெருநாய்களையும், ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை முதலிய நம் நாட்டு நாய்களையும் வளர்த்து, இன்று ஏதோ ஒரு காரணத்தால் அவற்றை வேறொருவர் வசம் ஒப்படைத்துவிட எண்ணியிருக்கும் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும், இவ்வூரில் வாழ்பவன் ஒருவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

நாயைக் கொடுத்துவிட நினைப்பதே பாவம் என்று உபதேசிக்க நான் இம்மடலை எழுதவில்லை. நம் பிரதேசத்துக் குடும்பங்களின் நிலைமை எனக்குத் தெரியும். மழையை நம்பிய செம்மண் பூமியின் வருமானம் போதாமல், பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போவது இங்கே தலைமுறை வழக்கமாகிவிட்டது. விடுமுறையில் வந்த மகன், தான் இல்லாத வீட்டில் தாய் தகப்பனுக்குத் துணையாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணத்துடன் ஒரு ராட்வீலர் குட்டியை வாங்கிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுகிறான். ஒரு கையில் ஏந்தத்தக்கதாக இருந்த அந்தக் குட்டி, ஒன்றரை வருஷத்தில் நாற்பது ஐம்பது கிலோ எடையுள்ள பிராணியாக வளர்ந்து, முழங்கால் வலியுள்ள தாயும் சர்க்கரை நோயுள்ள தகப்பனும் பிடித்து நடத்த முடியாத பலத்துடன் வாசலில் நிற்கிறது. வேறொரு வீட்டில் பேரக் குழந்தை பிறக்கிறது. இன்னொரு வீட்டில் நாயை ஆளத் தெரிந்த ஒரே மனிதர் காலமாகிவிடுகிறார். வேறொருவருக்குப் புதுக்கோட்டை நகரத்தில் வாடகை வீட்டுக்குக் குடிபோக நேர்கிறது. இத்தகைய நிர்ப்பந்தங்களில் நாயை மற்றொரு நல்ல இடத்தில் சேர்ப்பது தவறாகாது. சில சமயம் அதுவே நாய்க்கும் மனிதருக்கும் க்ஷேமமான வழியாகவும் இருக்கிறது. நான் கவலைப்படுவதெல்லாம், அந்தக் காரியம் எவ்வாறு செய்யப்படுகிறது என்பதைப் பற்றித்தான்.

இப்பொழுது அது பெரும்பாலும் மூன்று விதமாக நடைபெறுகிறது. "யாராச்சும் கேட்டா சும்மா கொடுத்துடுங்கப்பா" என்று டீக்கடையிலும் வாட்ஸ்அப்பிலும் சொல்லி வைத்து, முதலில் வந்து கேட்டவர் இன்னார் என்று விசாரியாமலே சங்கிலியைக் கையில் கொடுத்துவிடுவது ஒன்று. வீட்டில் வைத்துக்கொள்ள முடியாத நாயைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், மோட்டார் கொட்டகையின் ஓரத்தில் கட்டிவிட்டு, காவலுக்கு ஆகும் என்று மனத்தைச் சமாதானப்படுத்திக்கொள்வது மற்றொன்று. மூன்றாவது, இருட்டிய பிறகு வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய்த் தைலமரக் காட்டோரத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்துவிடுவது. இவற்றில் மூன்றாவதைச் செய்கிறவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. முதலிரண்டையும் செய்கிறவர்களோ, தாங்கள் செய்தது தவறு என்றே நினைப்பதில்லை.

தோட்டத்தில் கட்டப்பட்ட நாயின் கதியை அருகில் சென்று பார்த்தவர்களுக்கு விவரிக்க வேண்டுவதில்லை. காலையில் கொட்டகையின் நிழல் மேற்கே விழும்போது கட்டிய நாய், உச்சி சாய்ந்ததும் நிழல் கிழக்கே நகர்ந்துவிட, சங்கிலியின் நீளம் எட்டாமல் வெயிலிலேயே நின்றுகொண்டிருக்கும். தென்னையில் கட்டிய நாயாயின், சுற்றிச் சுற்றி வந்ததில் சங்கிலி அடிமரத்தோடு இறுகி, கழுத்துப்பட்டை உராய்ந்த இடத்தில் ரோமம் உதிர்ந்து தோல் கன்றியிருக்கும். தகரத்தில் வைத்த தண்ணீர் வாய் வைக்க முடியாதபடி சுட்டிருக்கும். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டுமே சிறிது வியர்வை சுரக்கும் அப்பிராணி, நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதன் மூலமே தன் உஷ்ணத்தைத் தணித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. குளிர்ந்த தேசத்தில் உருவான கறுத்த உடம்புள்ள ராட்வீலர், கத்தரி வெயிலில் இப்படி நிற்குமானால் அதன் சுபாவம் கெடுவதில் ஆச்சரியம் என்ன? மனிதரின் பேச்சும் தொடுகையும் இன்றி, தீனி கொண்டு வருபவனைத் தவிர வேறு முகம் காணாமல் மாதக்கணக்கில் கிடந்த நாய், ஒரு நாள் சங்கிலியை அறுத்துக்கொண்டு வெளியேறி ஆட்டையோ ஆளையோ கடித்தால், எல்லோரும் அந்த இனத்தைப் பழிக்கிறார்கள். அதை அப்படி ஆக்கிய ஏற்பாட்டைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மாட்டை வாங்கவும் விற்கவும் தெரிந்த ஜனங்கள் நாம். சந்தையில் ஒரு காளையைப் பிடிப்பதற்கு முன் பல் பார்க்கிறோம், சுழி பார்க்கிறோம், முட்டுமா, உதைக்குமா, ஏருக்குப் பழகியதா, கயிற்றுக்கு அடங்குமா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். தெரிந்தே குணத்தை மறைத்து விற்றவனை நாணயமற்றவன் என்று ஊர் பல வருஷம் ஞாபகம் வைத்திருக்கிறது. அதே ஜனங்கள், பல்லும் தாடையும் உள்ள ஒரு பெருநாயைக் கைமாற்றும்பொழுது மட்டும் ஒரு வார்த்தை கேட்பதுமில்லை, சொல்வதுமில்லை. இந்த மௌனமே எல்லாத் தீங்குக்கும் மூலம் என்பது என் அபிப்பிராயம். நாயைக் கொடுக்கலாம், ஆனால் அதன் வரலாற்றை மறைத்துக் கொடுக்கக் கூடாது. சங்கிலி கைமாறிய அந்தக் கணத்தோடு உங்கள் பொறுப்பும் தீர்ந்துவிட்டதாகக் கருதவும் கூடாது. இம்மடலில் நான் சொல்ல வந்த தர்மம் இவ்வளவே. மற்றவையெல்லாம் அதை நடைமுறையில் கொண்டுவருவதற்கான வழிகள்.

இத்தகைய நாய்களுக்கு இடம் கிடைப்பது ஏன் கஷ்டமாயிற்று என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. ராட்வீலர், ஜெர்மனியின் தென்பகுதியிலுள்ள ராட்வைல் என்ற ஊரின் பெயரைத் தாங்கியது. கால்நடைகளை ஓட்டிச் செல்லவும் வண்டி இழுக்கவும் வளர்க்கப்பட்டு, பிறகு போலீஸ் சேவையிலும் பழக்கப்பட்ட இனம். வேலை செய்யவும் யஜமானின் குறிப்பறிந்து நடக்கவும் பிறந்த அந்நாய்க்கு வேலையும் பழக்கமும் கொடுக்காமல் வெறும் சங்கிலியைக் கொடுத்தால், அதன் புத்தியும் பலமும் தப்பான வழியில் திரும்புகின்றன. பிட்புல்லின் பூர்வ சரித்திரம் இன்னும் பரிதாபமானது. மனிதர்கள் பந்தயம் கட்டி நாயோடு நாயை மோதவிடுவதற்காகவே அதன் முன்னோர்களைப் பொறுக்கி எடுத்து இனம் பெருக்கினார்கள்.

2024 மார்ச் 12ஆம் தேதி, மத்திய அரசின் கால்நடைத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் எழுதி, பிட்புல், ராட்வீலர், டோகோ அர்ஜென்டினோ, கேன் கோர்சோ முதலிய 23 இனங்களை மூர்க்கமானவை என்று குறிப்பிட்டு, அவற்றை இறக்குமதி செய்வதையும் இனப்பெருக்கம் செய்வதையும் விற்பதையும் தடுக்கவும், ஏற்கெனவே வீடுகளில் இருப்பவற்றுக்குக் கருத்தடை செய்விக்கவும் கூறியது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து கேளாமல் எடுத்த முடிவு என்ற காரணத்தால், அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அச்சுற்றறிக்கையை ரத்து செய்தது. மே மாதத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியைக் கடித்துக் குதறிய கொடுமை நிகழ்ந்தபோது, தமிழ்நாட்டிலும் அந்த 23 இனங்களுக்குத் தடையாணை பிறப்பிக்கப்பட்டு, உடனே திரும்பப் பெறப்பட்டது. 2025 ஆகஸ்டில் சென்னை ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் உயிரிழந்தார். அவ்வாண்டு டிசம்பரில் சென்னை மாநகராட்சி, பிட்புல், ராட்வீலர் ஆகிய இரண்டு இனங்களுக்கும் இனிப் புதிய உரிமம் வழங்குவதில்லை என்று தீர்மானித்தது. அந்தச் சிறுமியின் வேதனையையும் உயிரிழந்தவர் குடும்பத்தின் துக்கத்தையும் நினைக்கும் எவரும், மக்களின் அச்சத்தை வீண் அச்சம் என்று தள்ளிவிட முடியாது. ஆயினும் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். பட்டணத்தில் கதவு சாத்தப்பட்டால், அங்கே வேண்டாதனவாகிப்போன நாய்கள் கிராமத்தை நோக்கித்தான் தள்ளப்படும். "ஊர்நாட்டில் தோட்டம் துரவு இருக்கிறது, எங்கேயாவது கிடந்துவிட்டுப் போகட்டும்" என்ற எண்ணத்துடன் உறவினர் வழியாக இங்கே அனுப்பப்படும் நாயை வாங்கி வைப்பவர்கள், பட்டணம் தாங்க மாட்டேன் என்று சொன்ன பொறுப்பை முழுவதுமாகத் தாங்கள் ஏற்கிறோம் என்பதை உணர்ந்து ஏற்க வேண்டும்.

வெளிநாட்டு அனுபவங்கள் இரண்டு இவ்விஷயத்தில் நமக்குப் பாடமாகின்றன. பிரிட்டனில் 1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டம் நான்கு இனங்களைத் தடை செய்தது. எக்ஸ்எல் புல்லி என்ற பெருநாயும் 2023இல் அப்பட்டியலில் சேர்ந்தது. அச்சட்டப்படி அந்நாய்களை விற்பது மட்டுமன்றித் தானமாகக் கொடுப்பதும் குற்றமாகையால், காப்பகங்களில் இருந்த நாய்களில் சாதுவானவற்றுக்கும்கூடப் புது வீடு தேடித் தர வழியில்லாமல் போயிற்று. இதற்கு நேர்மாறாக, 2007இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மைக்கேல் விக் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரரின் பண்ணையிலிருந்து, சண்டைக்காக வளர்க்கப்பட்ட சுமார் ஐம்பது பிட்புல் நாய்களை அரசு கைப்பற்றிய சமயத்தில், அத்தகைய நாய்களை ஒட்டுமொத்தமாகக் கொன்றுவிடும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, நீதிமன்றம் ரெபெக்கா ஹஸ் என்ற சட்டப் பேராசிரியையை அவற்றின் பாதுகாவலராக நியமித்தது. ஒவ்வொரு நாயும் தனித்தனியே பரிசோதிக்கப்பட்டது. மனிதரோடு வாழத்தக்கவை குடும்பங்களுக்குச் சென்றன; நீண்ட நாள் பழக்கம் தேவைப்பட்ட 22 நாய்கள் யூட்டா மாநிலத்திலுள்ள பெஸ்ட் ஃபிரெண்ட்ஸ் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டன. சண்டைக் களத்திலிருந்து வந்த நாய்களிலேயே பெரும்பாலானவை காப்பாற்றத்தக்கவையாக இருந்தன என்றால், அதற்குக் காரணம் இனத்தின் பெயரைப் பார்க்காமல் இந்த நாய் எப்படிப்பட்டது என்று பொறுமையாக விசாரித்ததே. பேராசிரியையும் நீதிமன்றமும் அங்கே செய்த அவ்விசாரணையை, நம் ஊரில் நாயின் சொந்தக்காரர் ஒருவரே செய்ய முடியும். ஏனென்றால் அந்நாயை அவரைவிட நன்றாக அறிந்தவர் வேறு யாரும் இல்லை.

நம் நாட்டு இனங்களின் விஷயமும் லேசானதன்று. 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் வரிசைத் தபால் தலைகளில் ஒன்றை அலங்கரித்த ராஜபாளையம், பால்வெள்ளை மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் கொண்ட அழகுக்குப் பேர் போனதைப்போலவே, ஒரு வீட்டாரை மட்டும் நம்பி மற்றவரை அண்டவிடாத சுபாவத்துக்கும் பேர் போனது. அந்த விசுவாசமே அதை இடம் மாற்றுவதைக் கடினமாக்குகிறது. பழைய யஜமானைத் தேடிச் சோறு தண்ணீர் இல்லாமல் கிடப்பதும், புதியவரின் கையை நம்ப மறுப்பதும் அதற்கு இயல்பு. அவ்வினத்தில் சில குட்டிகள் பிறவியிலேயே காது கேளாதவையாக இருப்பதுண்டு. கூப்பிட்டால் வரவில்லை என்று அடி வாங்கும் அப்பிராணியின் குறையைச் சொல்லிக் கொடுப்பது அவசியம். சிப்பிப்பாறையோ கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்கும் வேட்டை நாய். ஓடுவதைத் துரத்துவது அதன் ரத்தத்தில் ஊறியது. ஆட்டுப்பட்டி உள்ள வீட்டுக்கு, கோழி மேயும் வாசலுக்கு, பழக்கப்படாத சிப்பிப்பாறையைக் கொடுப்பது பகையை விலைக்கு வாங்குவதற்கு ஒப்பாகும். "முயலுக்கு விடலாம்" என்று கேட்டு வருபவர்களுக்கு அதைக் கொடுக்கவே கூடாது. 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் அவ்வேட்டையைக் குற்றமாக்கியிருக்கிறது.

இனி, செய்ய வேண்டியவற்றைச் சொல்லுகிறேன். கொடுப்பது என்று முடிவு செய்வதற்கு முன், நாயைக் கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் இன்று சீறினால், அதற்குள்ளே நோவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். காதில் சீழ், இடுப்பு மூட்டுத் தேய்வு, உண்ணிக் காய்ச்சல், பல்வலி ஆகிய எதுவும் ஒரு பிராணியைச் சிடுசிடுப்பாக்கும். தொட்டால் வலிக்கும் இடத்தைத் தொட வரும் கையை அது கடிக்கப் பார்க்கும். உள்ளூர் மருந்தகத்தில் தீராத நோவுக்கு, ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் நமக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. சிகிச்சையால் தீரக்கூடிய தொல்லைக்காக ஒரு நாயை வீடு மாற்றுவது, அந்நோவையும் சேர்த்தே அடுத்த வீட்டுக்கு அனுப்புவதாகும்.

அதன் பின்னும் கொடுக்கத்தான் வேண்டும் என்றால், ஒரு தாளை எடுத்து அந்நாயின் உண்மையை எழுதுங்கள். வயது, எந்தெந்தத் தடுப்பூசி எப்பொழுது போடப்பட்டது, என்ன தின்னும், எது சேராது, எந்தச் சொல்லுக்கு உட்காரும், எந்தச் சொல்லுக்கு வரும், வெடிச் சத்தத்துக்கு மிரளுமா, சீருடை அணிந்தவரையோ கம்பு பிடித்தவரையோ கண்டால் பாயுமா, சோற்றுத் தட்டருகே யாரேனும் வந்தால் உறுமுமா, குழந்தைகளோடு இருந்ததுண்டா, ஆடு கோழியைத் துரத்துமா என்பதையெல்லாம் ஒளிக்காமல் எழுதுங்கள். எல்லாவற்றிலும் முக்கியமாக, அது யாரையாவது கடித்திருந்தால், யாரை, எந்தச் சந்தர்ப்பத்தில், எவ்வளவு ஆழமாகக் கடித்தது என்பதை மறைக்காதீர்கள். "ரொம்ப சாதுங்க" என்று சொல்லிக் கைகழுவிய நாய் இரண்டாவது வீட்டில் ஒரு குழந்தையைக் கடித்தால், அந்தக் காயத்தில் முதல் வீட்டாரின் பொய்க்கும் பங்குண்டு. உண்மையைச் சொன்னால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று அஞ்சாதீர்கள். உண்மையைக் கேட்டபின் பின்வாங்குபவர் அந்நாய்க்கு உரியவர் அல்லர் என்பது அந்தக் கணத்திலேயே தெரிந்துவிடுகிறது. அதைக் கேட்டும் யோசித்து, மறுநாள் தன் மனைவியையும் அழைத்துக்கொண்டு வந்து நாயைப் பார்ப்பவரே உங்களுக்கு வேண்டியவர்.

கொடுப்பதற்கு முன்பே கருத்தடை செய்வித்துவிடுங்கள். பெட்டை நாயை இலவசமாகக் கேட்டு வருபவர்களில் பலர் குட்டி போடவைத்துக் காசு பார்க்க எண்ணுபவர்கள்; கடுவனை விரும்பிக் கேட்பவர்களில் சிலர் சண்டைக்கு விட எண்ணுபவர்கள். கருத்தடை செய்யப்பட்ட நாய் என்று சொன்னவுடன் இவ்விரு சாராரும் தாமாகவே விலகிவிடுவார்கள். விலங்குகளை ஒன்றோடொன்று மோதவிடுவதை 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் குற்றமாகக் கருதுகிறது என்பதையும் கேட்டு வருபவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட சீட்டையும் நாயோடு சேர்த்துக் கொடுங்கள். இயலுமானால் தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்தி, அந்த எண்ணைப் புதியவர் பெயரில் பதிவு செய்வித்தால், நாளைக்கு அந்நாய் வழி தவறினாலும் அதற்கு ஒரு விலாசம் இருக்கும்.

வாங்குபவரின் வீட்டை நேரில் சென்று பாருங்கள். சுற்றுச்சுவர் உண்டா, அதன் உயரம் என்ன, கதவு தானாகத் திறந்துகொள்ளுமா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அவ்வழியே நடக்கிறார்களா, நாய்க்கு நாள் முழுதும் நிழல் கிடைக்குமா என்று பாருங்கள். அவ்வீட்டிலுள்ள எல்லோரும் சம்மதித்தார்களா என்றும் விசாரியுங்கள். ஆண்பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கிய நாய்க்குச் சோறு வடித்துக் கொட்டுவதும் அதன் மலத்தை அள்ளுவதும் பெரும்பாலும் பெண்கள் தலையிலேயே விழுவதால், அவர்களுடைய சம்மதம் இல்லாத வீட்டில் அந்நாய் நிலைக்காது. முன்பே பெருநாய் வளர்த்த அனுபவம் உள்ளவர், கம்பைக் காட்டி அடக்காமல் பழக்கி அடக்கத் தெரிந்தவர், வெளியே கூட்டிச் செல்லும்போது வாய்ப்பூட்டு போட வெட்கப்படாதவர் ஆகியோரே தகுதியானவர்கள். வாய்ப்பூட்டும் வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டையாக இல்லாமல், உள்ளே வாயைத் திறந்து இரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் கூடை வடிவில் இருக்க வேண்டும்.

ஒரே நாளில் கொண்டுபோய் விட்டுவிடாதீர்கள். புதியவர் உங்கள் வீட்டுக்கு இரண்டு மூன்று முறை வந்து தம் கையால் தீனி வைக்கட்டும். நீங்கள் நாயோடு அவர் வீட்டுக்குப் போய்ச் சிறிது நேரம் இருந்துவிட்டுத் திரும்புங்கள். அது படுத்த சாக்கையும் சோறு தின்ற தட்டையும் கூடவே அனுப்புங்கள். பழகிய வாசனை பிராணிக்குத் தைரியம் கொடுக்கும். புது வீட்டில் மிரட்சி தெளிய மூன்று நாள், வழக்கங்கள் படிய மூன்று வாரம், வீடு தன்னுடையது என்று நம்ப மூன்று மாதம் என்பது நாய் வளர்ப்பில் தேர்ந்தவர்கள் சொல்லும் கணக்கு. முதல் மூன்று நாளும் உறவினரை அழைத்துவந்து வேடிக்கை காட்டாமல், குழந்தைகளைக் கட்டிப்பிடிக்க விடாமல், அமைதியான ஓர் இடத்தில் அதை இருக்கவிட வேண்டும் என்று புதியவருக்குச் சொல்லுங்கள். எந்த நாயாயினும் கடித்துவிட்டால், ஓடும் தண்ணீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிஷம் காயத்தைக் கழுவி, தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

இவ்வளவையும் ஒரு வெள்ளைத் தாளில் உடன்படிக்கையாக எழுதி, இருவரும் கையெழுத்திட்டுச் சாட்சி ஒருவரையும் போட்டுக்கொள்ளுங்கள். இந்நாயை மூன்றாமவருக்கு விற்கவோ கொடுக்கவோ மாட்டேன், வைத்துக்கொள்ள முடியாமற் போனால் உங்களிடமே திருப்பித் தருகிறேன் என்று அவரும், திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்கிறேன் என்று நீங்களும் எழுத வேண்டும். கொடுத்தவன் திரும்ப வாங்கக் கடமைப்பட்டவன் என்ற அந்த ஒரு வரி, நாய் காட்டோரத்தில் இறக்கிவிடப்படும் தீவினையைத் தடுத்துவிடும்.

மனம் நோகும் ஒரு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. தூண்டுதல் ஏதுமின்றி மனிதரைப் பலமுறை ஆழமாகக் கடித்து, மருத்துவராலும் பழக்குபவராலும் திருத்த முடியாது என்று தீர்மானிக்கப்பட்ட நாயை எந்தக் குடும்பத்துக்கும் கொடுக்கக் கூடாது. அதைத் தகுந்த பாதுகாப்போடு உங்கள் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாதாயின், கால்நடை மருத்துவரின் ஆலோசனைப்படி, அவர் கையால், உங்கள் கை அதன் தலைமேல் இருக்க, வலியின்றி அதன் வாழ்வு முடிவதே நேர்மையான வழி. அந்த முடிவின் பாரத்தைச் சுமக்க அஞ்சி, அறியாத ஒருவர் தலையில் அந்த ஆபத்தைக் கட்டிவிடுவதைக் கருணை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இதுவரை வாங்காமல், வாங்க ஆசைப்படும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் வாங்கப்போகும் குட்டி பத்து வருஷம் உங்களோடு வாழ வந்தது. அடுத்த ஐந்து வருஷத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று நிச்சயமில்லாதபோது, படம் எடுத்துப் போடும் ஆசைக்காகவோ பக்கத்து ஊர்க்காரனுக்குக் காட்டுவதற்காகவோ ஒரு ஜீவனைக் கொண்டுவராதீர்கள். எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்பது 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி குற்றம். தாயைக் காட்ட மறுக்கும் வியாபாரியிடம் குட்டி வாங்காதீர்கள். 2024இல் நம் மாநில அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்டு முதலிய 11 இனங்கள் நம் சீதோஷ்ணத்துக்கு ஏற்றவை அல்ல என்று கூறியிருப்பதையும் கவனியுங்கள். காவலுக்கு நாய் வேண்டுமென்றால், தெருவில் பிறந்து, தடுப்பூசியும் கருத்தடையும் செய்யப்பட்ட நம் ஊர் நாயைப்போல இந்த வெயிலுக்கும் இந்தச் சோற்றுக்கும் பொருந்தியது வேறில்லை.

சட்டம் என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்குச் சொல்லுகிறேன். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரைதான். தன் வசமுள்ள விலங்கால் பிறர் உயிருக்கு அபாயம் நேராதபடி காக்கத் தவறியவருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்கிறது. ஐம்பது ரூபாய் அபராதம் யாரையும் தடுத்துவிடாது என்பது உண்மையே. ஆகையால் சட்டம் விட்ட இடத்தை ஊரின் கட்டுப்பாடு நிரப்ப வேண்டும்.

அதற்கு ஒரு யோசனை சொல்லி முடிக்கிறேன். ஆண்டுதோறும் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜயந்தி முதலிய நாட்களில் நாம் கிராம சபை கூடுகிறோம். அடுத்து வரும் கூட்டத்தில், ஊரிலுள்ள பெருநாய்களுக்கு ஒரு பதிவேடு வைப்பது, அதில் தடுப்பூசி போட்ட தேதியைக் குறிப்பது, நாயைக் கைமாற்றுபவர் கொடுத்தவர் வாங்கியவர் இருவர் பெயரையும் அதில் எழுதுவது, நாயைக் காட்டோரத்தில் விட்டவரைக் கண்டால் மறைக்காமல் ஊராரிடம் சொல்வது என்ற நான்கு தீர்மானங்களை நாம் நிறைவேற்றலாம். பணம் செலவாகாத காரியம் இது. ஒரு நோட்டுப் புத்தகமும், ஒருவருக்கொருவர் உண்மை சொல்லும் மனமும் போதும். உங்கள் வாசலில் நிற்கும் நாய் தன் கதையைத் தானே சொல்ல இயலாதது. அதைக் கொடுக்கும்பொழுது அதற்காக நீங்கள் பேசுங்கள். கொடுத்த பிறகு மாதம் ஒருமுறையேனும் போய்ப் பாருங்கள். கொடுக்க இடமில்லையானால், இடம் கிடைக்கும்வரை நீங்களே அதற்கு இடமாக இருங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலத்தையும் அந்த வாயில்லா ஜீவன்களின் நலத்தையும் நாடும்
வல்லத்திராக்கோட்டைவாசி ஒருவன்